டி-டைமர்: சொல்லும் பொருளும்

கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021-இல், சி.டி. ஸ்கேன், சி.ஆர்.பி., ஃபெரிட்டின் ஆகியவற்றோடு சேர்ந்து தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்த சொல் டி-டைமர். ரத்த உறைவைப் பற்றித் துப்புத் தரும் ஒரு ரத்தப் பரிசோதனை இது. நுரையீரலைத் தாக்கும் வைரஸுக்கும் ரத்தம் உறைவதற்கும் என்ன தொடர்பு என்று பலரும் குழம்பினார்கள். பெயரைப் பார்த்தாலும் ஒன்றும் விளங்கவில்லை.

நேரம் காட்டும் டைமருக்கும் இதற்கும் உறவில்லை. இது கிரேக்க வேரிலிருந்து வந்தது. ‘டை’ என்றால் இரண்டு, ‘மெரோஸ்’ என்றால் பகுதி. பாலிமரைப் பலபடி என்று எழுதும் தமிழ்நாட்டு வேதியியல் வழக்கில் டைமர் என்பது இருபடி. பாலிமரைப் பல்பகுதியம் என்னும் இலங்கை வழக்கில் இருபகுதியம். மெரோஸின் பொருளை அப்படியே தாங்கி நிற்பதால் என் வாக்கு இலங்கைச் சொல்லுக்கே.

முன்னால் நிற்கும் ‘டி’ வெறும் அடையாள எழுத்து. வைட்டமின் டி-யை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஃபைப்ரினோஜென் என்ற ரத்தப் புரதத்தை பிளாஸ்மின் என்ற நொதியால் சிதைத்த ஆய்வொன்று 1961-இல் பிரான்சில் வெளியானது. பிரிந்து வந்த கூறுகளுக்கு ஏ முதல் இ வரை பெயரிட்டார்கள். அவற்றுள் நான்காவது இந்த டி.

ரத்தம் உறையும்போது ஃபைப்ரினோஜென், ஃபைப்ரின் இழைகளாக மாறுகிறது. ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு இ, இரு முனைகளிலும் ஒவ்வொரு டி. அடுத்தடுத்த மூலக்கூறுகளின் டி முனைகளை உறைவுக் காரணி 13 இறுகப் பிணைத்துவிடுகிறது. பிறகு பிளாஸ்மின் வந்து இழைகளை அறுக்கும்போது அந்தப் பிணைப்பு மட்டும் அறுபடுவதில்லை. ஒட்டியபடியே ரத்தத்தில் மிதந்து வரும் அந்த இரட்டை டி-தான் டி-டைமர். ஆக, உறைவு உண்டாகி, அது கரையவும் தொடங்கியதற்கான தடயம் இது. ‘ரத்தம் உறையும் டெஸ்ட்’ என்று சொல்வது பாதிதான் சரி.

கோவிட்டில் இது ஏன் ஏறுகிறது? ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் நலமாக இருக்கும்வரை உறைதலைத் தடுத்து நிற்கும். கடுமையான தொற்றில் அவை அழற்சியால் புண்படுகின்றன. வெள்ளணுக்களில் ஒருவகை, தன் டி.என்.ஏ-வையே வலைபோல் வெளியே வீசிக் கிருமியைப் பிடிக்கப் பார்க்கிறது. அந்த வலையில் தட்டணுக்களும் சிக்கி உறைவுக்கு வித்திடுகின்றன. கல்லீரல் ஃபைப்ரினோஜெனை மிகுதியாகச் சுரக்கிறது. நோயாளியோ படுக்கையில் அசையாமல் கிடக்கிறார். நுரையீரலின் நுண்குழாய்களில் உறைவுகள் அடைத்துக்கொள்கின்றன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கு உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டது இதற்காகத்தான். சேரும்போதே டி-டைமர் மிகுந்திருந்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததை வூகான் மருத்துவர்கள் 2020 தொடக்கத்திலேயே பதிவு செய்தார்கள்.

ஆனால் கர்ப்பம், அறுவை சிகிச்சை, புற்றுநோய், வெறும் முதுமை, எதிலும் இது ஏறும். எண் கூடியிருப்பதால் மட்டும் உறைவு இருப்பதாக முடிவு கட்ட இயலாது. உறைவுக்கான வாய்ப்பு குறைவாகத் தெரியும் ஒருவருக்கு எண்ணும் குறைந்திருந்தால், உறைவு இல்லை என்று மருத்துவர் ஓரளவு துணிவாகச் சொல்லலாம். பரிசோதனையின் உண்மையான பயன் இங்கேதான்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘டி-இருபகுதியம்’ பாடநூலுக்குப் பொருந்தும். நோயாளிக்கு விளக்க ‘உறைவுச் சிதைவுத் துணுக்கு’ என்பேன். ‘ரத்தக் கட்டி’ மட்டும் வேண்டாம். கேட்பவர் மனம் உடனே புற்றுக்கட்டிக்குப் போய்விடும்.

அறிக்கையில் அலகையும் பார்க்க வேண்டும். ஃபைப்ரினோஜென் எடையாகக் கணக்கிடும் எஃப்.இ.யு. அலகில் மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம் என்பது, டி-டைமரின் எடையாகவே கணக்கிடும் டி.டி.யு. அலகில் ஏறத்தாழ 250. ஆய்வகம் மாறியதால் எண் இரட்டித்திருக்கலாம். நோய் முற்றிவிட்டதாக அஞ்சுவதற்கு முன் இரண்டு தாள்களிலும் ஒரே அலகுதானா என்று கேளுங்கள்.