குடுக்காரன்: ஒரு சொல்லுக்குள் இரண்டு பேர்

கொழும்பில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ‘குடு’ என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்குத்தான் அது ‘கொடு’ என்று காதில் விழும். சிங்களத்தில் குடு என்பது தூள், பொடி. மிளகாய்த்தூள் ‘மிரிஸ் குடு’, மரத்தூள் ‘லீ குடு’. 1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் கொழும்பில் பரவியபோது அதற்கும் இந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நாமும் அப்படியே வாங்கிக்கொண்டோம்.

சட்டத்தின் சொல் வேறு: ‘அபாயகர ஔடதம்’. 1984இல் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் பெயரில் அதைக் காணலாம். ஔடதம் வடமொழி ஔஷதத்திலிருந்து வந்தது. மருந்து என்று பொருள். பொருத்தமில்லாத சொல்லென்று தள்ளிவிட முடியாது. 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெரோயினை இருமல் மருந்தாகவே விற்றது.

என்னை உறுத்துவது ‘குடுக்காரன்’. நம் ‘காரன்’ விகுதி தாராளமானது: பால்காரன் விற்பவன், குடிகாரன் குடிப்பவன். குடுக்காரனோ இரண்டுமாகிறான். பெட்டி பெட்டியாக இறக்குபவனும், ஒரு சிறு பொட்டலத் தூளுக்காக வீட்டு கேஸ் சிலிண்டரை விற்ற பொடியனும் ஒரே பெயரில் நிற்கிறார்கள்.

சட்டத்தைக் கடுமையாக்கு என்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். தோட்டத்து (கொழும்பில் நெருக்கமான ஏழைக் குடியிருப்புக்கு அப்படித்தான் பெயர்) வாசலில் வியாபாரம் நடக்கும்போது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்குப் பொலிஸ் வர வேண்டும். ஆனால் அபாயகர ஔடதச் சட்டத்தின் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை. 1976க்குப் பின் இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. தீர்ப்பு மட்டும் தொடர்கிறது. இத்தனை ஆண்டுக் கடுமைக்குப் பிறகும் குடு ஒழிந்தபாடில்லை.

போதைப்பொருளுக்கு எதிராக 2023 டிசம்பரில் தொடங்கிய பொலிஸ் நடவடிக்கைக்கு ‘யுக்திய’ என்று பெயர். சிங்களத்தில் அது நீதி. தமிழில் யுக்தி என்றால் உபாயம். ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். அடுத்த மாதமே ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தி வைக்கக் கோரினார்கள். விற்பவனையும் பழக்கத்தில் விழுந்தவனையும் ஒரே வலையில் அள்ளினால் சிறை நிரம்பும். இறக்குமதி செய்பவன் வெளியிலேயே இருப்பான். விற்பவனுக்குச் சட்டம், விழுந்தவனுக்கு வைத்தியம் என்பதே என் பக்கம். அதற்கு 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சிகிச்சை, புனர்வாழ்வுச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அச்சட்டம் ஒருவரைக் கட்டாயமாகவும் அனுப்ப இடம் தருகிறது. அது எனக்கு உடன்பாடில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொருளைக் குறிக்க ‘ஹெரோயின்’ போதும். ‘தூள்’ என்றாலும் விளங்கும். ஆளைக் குறிக்க ஒற்றைச் சொல் வேண்டாம். எழுத்தில் ‘போதைப்பொருள் வியாபாரி’ என்றும் ‘போதைக்கு அடிமையானவர்’ என்றும் பிரித்து எழுதலாம். பேச்சில் புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை. ‘குடு விக்கிறவன்’, ‘குடு அடிக்கிறவன்’ என்று தோட்டத்துச் சனம் ஏற்கெனவே பிரித்துத்தான் பேசுகிறது.