எலும்பு ஆறுவதற்குள் ஓடத் தொடங்குகிறவர்களுக்கு

இந்த மாதமும் ஒருவர் வந்தார். மண்டபம் பக்கத்து இளைஞர். ஓட்டப் பந்தயங்களில் பெயர் வாங்கி, பிறகு நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் பந்தயத்துக்கு வந்தவர். முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பில் வலி தொடங்கியிருக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. "மணலில் ஓடினால் காலில் அதிர்ச்சி இறங்காது" என்று யாரோ சொல்ல, கடற்கரையில் பயிற்சியைத் தொடர்ந்திருக்கிறார். பந்தயத்தன்று காலையில் ஒரு வலி ஊசி. நீச்சல் முடிந்தது, சைக்கிளும் முடிந்தது; ஓட்டத்தின் பாதியில் கால் ஊன்ற முடியாமல் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது விரிசல் தெளிவாகத் தெரிந்தது. ராமநாதபுரத்தில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தக் கதை மனப்பாடம். ஊரும் பேரும்தான் மாறுகின்றன.

முதலில் அந்த மணலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். தேவிபட்டினம் முதல் வாலிநோக்கம் வரை கடற்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாலோ என்னவோ, இங்கே எல்லோருக்கும் இந்த நம்பிக்கை இருக்கிறது. மணல் மெத்தென்று இருப்பது உண்மைதான். ஆனால் கால் புதைகிறதே! புதைந்த காலை ஒவ்வோர் அடிக்கும் உந்தி எடுக்க வேண்டும். கெட்டித் தரையில் அதே வேகத்தில் ஓடுவதைவிட மணலில் ஓட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அந்தக் கூடுதல் வேலையில் ஒரு பங்கு கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் நாணுக்கும் போகிறது. உங்கள் வலிக்கிற எலும்பைப் பற்றிக்கொண்டிருப்பவை அதே தசைகள்தான்.

"அப்படியானால் ஈர மணலில் ஓடுகிறேன், அது புதையாது" என்று அடுத்த கேள்வி வரும். அலை வந்து போகும் அந்தப் பட்டை கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. ஒரு கால் மேட்டில், மறு கால் பள்ளத்தில், இடுப்பைக் கோணிக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறீர்கள். திரும்பி வரும்போது அது சரியாகிவிடும் என்று ஒருவர் என்னிடமே வாதிட்டார். இரண்டு கால்களையும் பாரபட்சமில்லாமல் கெடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நல்ல காலுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால், மணல் அருமையான பயிற்சி. வலிக்கிற காலுக்கு அதைச் சிகிச்சை என்று யாரும் சொல்லாதீர்கள்.

எக்ஸ்ரே விஷயம் எளிது. திரும்பத் திரும்ப அடி வாங்கி எலும்பில் விழும் இந்த வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடிச் சூடேறியதும் குறைந்தால் அது அநேகமாக எலும்பின் ஓரத்து எரிச்சல். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் வலித்து, ஓட ஓடக் கூடி, இரவில் படுத்த பிறகும் குடைந்தால் விரிசல் என்றே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அந்த இடத்தை எண்ணெய் போட்டு அழுத்தி நீவச் சொல்லாதீர்கள். வலி ஊசியோ வலியை மட்டும்தான் மறைக்கும். போதாக்குறைக்கு, நம் கடற்கரைப் புழுக்கத்தில் உடம்பு நீரெல்லாம் வியர்வையாகப் போய்க்கொண்டிருக்கும்போது டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

உண்மையைச் சொன்னால், வெறும் ஓட்டக்காரர்களைவிட டிரையத்லான்காரர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம். ஓடாதே என்றால் கேட்டுக்கொள்வார்கள். ஆறு முதல் எட்டு வாரங்கள் பெண் கடலில், அதாவது அலை குறைந்த பாக் விரிகுடாப் பக்கம், நீந்துவார்கள். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை சைக்கிள் மிதிப்பார்கள். பெரும்பாலும் நானும் அதைத்தான் செய்யச் சொல்கிறேன். இதயமும் நுரையீரலும் துளியும் சோர்வதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அத்தனை வாரமும் எலும்பு தரையின் அடியையே வாங்கவில்லை. திரும்பி வந்த முதல் நாளே பழைய வேகத்தில் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு, "மூச்சே வாங்கவில்லை மேடம்" என்கிறார்கள். மூச்சு வாங்காதுதான்! நான் கேட்டது எலும்பைப் பற்றி.

வலியில்லாமல் அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிந்த பிறகே ஓட்டம். முதலில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மறுநாள் ஓய்வு. தூரம் கூடிய பிறகுதான் வேகம் கூட வேண்டும். மறுநாள் காலையில் அதே இடம் வலித்தால் ஒரு படி இறங்குங்கள். இது சலிப்பூட்டும் என்று எனக்கும் தெரியும்.

பந்தயத்துக்குத் திரும்பும்போது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம் என்ற ஒலிம்பிக் தூரத்தில் குதிக்காதீர்கள். அதில் பாதித் தூரமான ஸ்பிரின்ட் போதும். பாம்பன் பாலத்தில் காற்று எதிர்த்து அடிக்கும்போது கைக்கடிகாரத்தின் வேகத்தைப் பார்த்து மிதித்தால், ஓடுவதற்கு வேண்டிய காலை அங்கேயே செலவழித்துவிடுவீர்கள். உழைப்பைச் சீராக வையுங்கள், வேகம் எப்படியோ போகட்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் மரத்துப்போய், எவ்வளவு வேகமாக ஓடுகிறோம் என்பதே புரியாது. முதல் கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக, காலடிகளைச் சிறிதாக வைத்து ஓடுங்கள். உங்களைத் தாண்டிப் போகிறவர்கள் போகட்டும். அவர்களில் பலரைக் கடைசி மூன்று கிலோமீட்டரில் மறுபடி பார்ப்பீர்கள்.

ஓடும் பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பயிற்சி கடுமையாகும்போது மாதவிடாய் நின்றுபோனால் "விளையாட்டுக்காரர்களுக்கு அது சகஜம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். செலவழிக்கும் அளவுக்கு அவள் சாப்பிடவில்லை என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். எலும்பு உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருக்கலாம். எடையைக் குறைத்தால் வேகம் வரும் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்தும் பயிற்சியாளர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

கடைசியாக ஒன்று. வலி தொடை இடுக்கில் இருந்தால் மேலே சொன்ன எதையும் நீங்களாக முயலாதீர்கள். தொடையெலும்பின் கழுத்தில், அதாவது இடுப்பு மூட்டையொட்டிய குறுகிய பகுதியில், விரிசல் விழுந்திருந்தால், அது விலகிய பிறகு பெரிய அறுவை சிகிச்சையில்தான் போய் நிற்கும். அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள், அன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆட்டோ பிடித்துப் போங்கள். தயவுசெய்து, சைக்கிளில் போகாதீர்கள்.