கியர் இல்லாத காரில் மலை இறங்குவது எப்படி?

மலை ஓட்டப் பழக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடும் பாடம் ஒன்று உண்டு: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. எனக்கு என் மாஸ்டர் சொன்னது, அவருக்கு யாராவது லாரி டிரைவர் சொல்லியிருப்பார். மேட்டுப்பாளையத்தில் பதினெட்டு வருடமாக இதையே சொல்லி வாய் பழகிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்பு, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் புது எலக்ட்ரிக் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "மாஸ்டர், இதுல கியரே இல்லீங்களே, எதுல இறங்கறதுங்க?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். உண்மையைச் சொன்னால், சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை.

அதே மனிதர்தான் ஒரு ஜனவரி மாதக் காலையில் ஊட்டியிலிருந்து இறங்கும்போது போன் செய்தார். குரலில் நடுக்கம். "கேத்திகிட்ட ஓரங்கட்டி நிக்கறனுங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து காலெடுத்தா எப்பவும் வண்டி புடிச்சு நிக்குமுங்க, இன்னிக்கு நியூட்ரல்ல விட்ட மாதிரி ஓடுது. பிரேக்கு போச்சுங்களா?"

பிரேக் போகவில்லை. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. ராத்திரி தங்கிய இடத்தில் பிளக்கைச் செருகிவிட்டுத் தூங்கியிருக்கிறார். காலையில் பேட்டரி நூறு சதவீதம். சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார்.

நடந்தது இதுதான். எலக்ட்ரிக் காரில் காலை எடுத்ததும் மோட்டார் டைனமோவாக மாறுகிறது. சக்கரம் அதைச் சுற்றுகிறது, அது கரண்ட் தயாரித்துப் பேட்டரிக்கு அனுப்புகிறது, அந்த இழுவையில் வண்டி வேகம் குறைகிறது. இதைத்தான் ரீஜென் என்கிறோம். ஆனால் பேட்டரி நிரம்பி வழியும்போது அந்தக் கரண்ட் எங்கே போகும்? போக இடமில்லை என்பதால் வண்டியின் கம்ப்யூட்டரே ரீஜெனைக் குறைத்துவிடும், சில நேரம் முழுதாகவே நிறுத்திவிடும். ஊட்டிப் பனிக்காலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நம் ஊரில் ஓடும் பல எலக்ட்ரிக் கார்களில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி. அது சில்லிட்டுக் கிடந்தால் வேகமாக சார்ஜ் ஏற்றிக்கொள்ளாது. ஆகவே விடிகாலை, குளிர், முழு சார்ஜ், கூடவே நேராக இறக்கம். நான்கும் கூடினால் கால் பழகிய வண்டி வேறு வண்டியாகிவிடும்.

கால் பிரேக் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வேலை செய்யும். ஆனால் ரீஜென் பிடிக்காத வண்டியில் ஐம்பது கிலோமீட்டர் இறக்கத்தையும் பிரேக் பேட் ஒன்றே சுமந்தால் அது சூடாகும். சூடேற ஏற மிதி ஆழமாகப் போகும், பிடி குறையும். மலைப்பாதைப் பட்டறைகளில் வரும் கருகிய வாடை இதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டாடா நெக்ஸான் ஈவி 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்தபோது சொன்ன விவரம்: 30.2 கிலோவாட் மணி பேட்டரி, எடை சுமார் 1400 கிலோ. கிலோவாட் மணி என்றதும் மிரள வேண்டாம், நம் வீட்டு ஈபி மீட்டரில் ஓடும் யூனிட்தான் அது. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால் மொத்தம் 1700 கிலோ. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1900 மீட்டர். இந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே சுமார் 9 யூனிட் வேண்டும். டயர், காற்று, மற்றச் செலவெல்லாம் தனி. ஆகவே பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதி ஏற்றத்திலேயே கரையும். ஏறும்போது மீட்டரைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் அந்த 9 யூனிட் எங்கும் போய்விடவில்லை, மலை உச்சியில் நிற்கிற உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. இறங்கும்போது அது ஏதாவது ஒரு வழியில் வெளியே வந்தாக வேண்டும். பேட்டரியில் இடமிருந்தால் கரண்டாக வரும், இல்லாவிட்டால் பிரேக் பேடில் சூடாக வரும். பயப்பட வேண்டியது இறங்கும்போதுதான்.

எனவே பனியன் கம்பெனிக்காரர் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ரீஜென்தான் உங்கள் கியர். 2023 செப்டம்பரில் வந்த புது நெக்ஸான் ஈவியில் ஸ்டியரிங் பின்னால் விரலால் இழுக்கும் இரண்டு சின்ன நெம்புகோல்கள் இருக்கும், அவற்றால் ரீஜெனைக் கூட்டலாம், குறைக்கலாம். ஹூண்டாய் கோனாவில் 2019இலேயே இது இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் கிரெட்டா எலக்ட்ரிக்கில் ஆக்சிலேட்டர் மிதி ஒன்றாலேயே வண்டியை முழுதாக நிறுத்தும் வசதியும் உண்டு. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே லெவலைக் கூட்டிவிடுங்கள், வளைவுக்குள் நுழைந்த பிறகு வேண்டாம். மழை பெய்து பர்லியார் பக்கம் சாலை வழுக்கினால் உச்ச லெவலை விட்டு ஒன்று குறைத்துக்கொள்ளச் சொல்வேன். நான் சொன்ன இந்த மூன்று வண்டிகளுமே முன்சக்கரத்தில் இழுப்பவை, ரீஜெனும் முன்சக்கரத்தில் மட்டும்தான் பிடிக்கும். வளைவு நடுவில் சடக்கென்று காலை எடுத்தால் ஈர ரோட்டில் முன்பக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

இன்னொன்று: மலை மேல் தங்குகிறவர்கள் எண்பதோடு சார்ஜை நிறுத்துங்கள். எல்எஃப்பி பேட்டரியை அவ்வப்போது நூறு வரை ஏற்ற வேண்டும் என்று சொல்வது சரிதான், இல்லாவிட்டால் மீட்டர் காட்டும் சதவீதம் தப்பாகும். அதைச் சமவெளியில், உங்கள் வீட்டில் செய்துகொள்ளலாமே.

சரி, டார்க் பற்றி. சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு விசைதான் டார்க். நெக்ஸான் பெட்ரோல் வண்டிக்கு 170 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் 1750 ஆர்பிஎம் தொட்ட பிறகு. 2020 எலக்ட்ரிக்கில் 245, நின்ற இடத்திலிருந்தே. மஹிந்திரா எக்ஸ்யூவி400இல் 310. விளம்பரத்தில் இது பெருமை, என் பக்கத்து சீட்டில் இது நெஞ்சுவலி. இருபது வருடம் கிளட்ச் மிதித்தவர்களின் இடது காலுக்குத் திடீரென்று வேலை இல்லாமல் போகிறது. சும்மா இருக்க முடியாமல் அது பிரேக் மேல் போய் உட்காருகிறது. கிளட்ச் என்று நினைத்து மிதித்தால் வண்டி குப்புற நிற்கும். பதற்றத்தில் இரண்டு காலும் சேர்ந்து அழுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு துணிக்கடையின் பார்க்கிங் சரிவில் பார்த்தேன். பம்பரும் சுவரும் மட்டும்தான் அடிபட்டன. அன்றிலிருந்து முதல் வாரம் இடது செருப்பைக் கழற்றி வைக்கச் சொல்கிறேன். வெறுங்கால் என்றதும் ஞாபகம் வந்துவிடுகிறது, சீட்டுப் பக்கம் மடங்கிக்கொள்கிறது. எக்ஸ்யூவி400இன் மோடுகளுக்கு ஃபன், ஃபாஸ்ட், ஃபியர்லெஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழகும்வரை முதல் மோடைத் தாண்டாதீர்கள்.

"புது மாடல்ல டார்க்கைக் குறைச்சுட்டாங்களே" என்று ஒருவர் குறைப்பட்டார். 2023 நெக்ஸானில் டார்க் 215தான், வாஸ்தவம். ஆனால் பெரிய பேட்டரி வண்டி பூஜ்யத்திலிருந்து நூறு தொட 8.9 விநாடி, பழையதற்கு 9.9. பவர் கூடியிருக்கிறது, மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது. ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் இப்படித்தான்.

ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரமும் அப்படியே. கோனாவில் 39.2 கிலோவாட் மணி பேட்டரி. இந்தியச் சோதனையில் 452 கி.மீ. என்றார்கள். அதே அளவு பேட்டரிக்கு ஐரோப்பியச் சோதனை கொடுத்தது 289. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எம்ஐடிசி என்கிற நம் இந்தியச் சோதனை உருளைகள் மேல் நடக்கிறது, வேகம் 90ஐத் தாண்டாது, பாதி நேரம் நகரத்தில் ஊர்வது போல ஓடும். அவிநாசி தாண்டி நாற்கரச் சாலையில் நீங்கள் ஓட்டுவது அப்படியா? 80இல் போவதைவிட 100இல் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். டாடாவே தன் 45 கிலோவாட் மணி நெக்ஸானுக்குச் சோதனைக் கணக்கு 489, நடைமுறையில் 350 முதல் 370 என்று இரண்டையும் சொல்கிறது. நீங்கள் இரண்டாவதை நம்பிக் கிளம்புங்கள்.

மற்றபடி மலைக்கு நல்ல வண்டிதான். பேட்டரி தரைக்கடியில் கிடப்பதால் கொண்டை ஊசி வளைவில் உடம்பு அதிகம் சாயாது. சீசன் நெரிசலில் நின்று நின்று ஏறும்போது கிளட்ச் கருகும் பேச்சே இல்லை. சத்தம் வராது என்பதால் கல்லாறு பக்கம் ஆளும் மாடும் திரும்பிப் பார்க்காது, ஹார்னை மறக்காதீர்கள். பிரேக் அதிகம் மிதிபடாததால் டிஸ்க்கில் துரு ஏறும், மலைக்குக் கிளம்பும் முன்பு காலி ரோட்டில் நாலு தடவை அழுத்தி மிதித்துப் பாருங்கள்.

பனியன் கம்பெனிக்காரர் அன்று கேத்தியிலேயே அரை மணி நேரம் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்து, அப்புறம் மெதுவாக இறங்கி வந்து சேர்ந்தார். போன மாதம் மறுபடி ஊட்டி போனார். 78இல் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிளம்பி, மேட்டுப்பாளையம் வந்ததும் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பினார். 86 காட்டியது. கீழே ஒரு வரி: "ஊட்டியில இருந்து ஓசிக் கரண்ட் கொண்டாந்துட்டனுங்க மாஸ்டர்."