துப்பாக்கிக் கட்டையைப் பழுதுபார்ப்பதும் வண்ணம் பூசுவதும்: உரிமதாரர் அறிய வேண்டிய சட்ட விதிகள்

உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் இருப்பவை பழைய 12 போர் (bore, குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கியும், இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .315 போர் ரைபிளும்தாம். இவற்றின் இரும்புப் பகுதிகள் பல பத்தாண்டுகள் தாங்கினாலும், தோளில் அணைத்துப் பிடிக்கும் மரக்கட்டை அதற்கு முன்பே மெருகிழந்துவிடும்; சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பால் கைபிடிக்கும் குறுகிய பகுதியில் மெல்லிய வெடிப்பும் தோன்றும். மரம்தானே, வீட்டிலேயே ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசிவிடலாம் என்று உரிமதாரர் நினைப்பது இயல்பு. ஆனால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அந்தக் கட்டையை வெறும் மரமாகப் பார்ப்பதில்லை.

சட்டத்தின் 2ஆம் பிரிவில் துப்பாக்கி என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள பொருள் விளக்கத்திலேயே அதன் பாகங்களும் அடங்குகின்றன. 5ஆம் பிரிவு, துப்பாக்கியைத் தயாரித்தல், விற்றல், மாற்றியமைத்தல் ஆகியவற்றோடு பழுதுபார்த்தலையும் ஒரே வரிசையில் வைத்து, அதற்கென உரிமம் இல்லாமல் எவரும் இவற்றைச் செய்யக் கூடாது என்கிறது. தொழிலாகச் செய்வோருக்கு மட்டும் என்று அந்தத் தடை சுருக்கப்படவில்லை. நம் கையில் இருப்பது துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் தரப்பட்ட உரிமமே தவிர, பழுதுபார்ப்பதற்கான உரிமம் அன்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு 5ஆம் பிரிவை மீறுவோருக்கு 25ஆம் பிரிவின்படி குறைந்தது 7 ஆண்டுகள், அதிக அளவாக ஆயுள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். கள்ளத் துப்பாக்கித் தொழிலை ஒடுக்குவதற்காக வந்த கடுமை இது என்பது உண்மைதான். ஆயினும் பிரிவின் சொற்கள் அனைவருக்கும் பொதுவானவை.

பழுதுபார்த்தல் என்றால் என்ன என்பதைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு வரையறுக்கவில்லை. எனவே உரிமதாரர் தமக்குத் தாமே ஒரு கோடு போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு. துடைத்தல், எண்ணெய் பூசுதல், மரத்தின் மேற்பரப்பில் மெருகேற்றுதல் ஆகியவை துப்பாக்கியின் இயக்கத்தையோ அமைப்பையோ மாற்றாதவை. அவற்றைப் பராமரிப்பு என்றே கொள்ளலாம் என்பது என் கருத்து. வெடித்த கட்டையை ஒட்டுவது, உடைந்த துண்டுக்குப் பதில் புதிய மரம் செதுக்கிப் பொருத்துவது, கட்டையையே மாற்றுவது, திருகுகளைக் கழற்றி, தோட்டாவை வெடிக்கச் செய்யும் இயக்கப் பகுதி அமரும் குழியைச் செதுக்குவது ஆகியவை பழுதுபார்த்தல். இவற்றை வீட்டில் செய்யக் கூடாது. சட்டத்திற்கு அப்பாற்பட்ட காரணமும் இதற்கு உண்டு: கட்டையில் இயக்கப் பகுதி சரியாக அமராவிட்டால் பின்னுதைப்பின் விசை சீராகப் பரவாமல் ஒரே இடத்தில் குவியும், மேலே பசை போட்டு மறைக்கப்பட்ட வெடிப்பு அடுத்த சில குண்டுகளிலேயே பிளந்து, சுடுபவரின் முகத்துக்கு அருகில் உடையக்கூடும்.

வண்ணம் பூசுவோர் எல்லாவற்றிலும் அதிகமாகக் கவனிக்க வேண்டியது 8ஆம் பிரிவு. துப்பாக்கியின் மீது பொறிக்கப்பட்டுள்ள பெயர், எண், பிற அடையாளக் குறி ஆகியவற்றை அழிப்பதும் நீக்குவதும் மாற்றுவதும் குற்றம் என்கிறது அது. இதோடு நின்றிருந்தால் கவலை குறைவு. குறி அழிந்த துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், மறுத்து நிரூபிக்கப்படும் வரை, அவரே அதை அழித்தார் என்று கருதப்படும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. அதாவது நிரூபிக்கும் சுமை உரிமதாரர் மீது விழுகிறது. எண் பெரும்பாலும் இரும்பில்தான் இருக்கும் என்றாலும், படைப் பிரிவுகளில் இருந்து வந்த பழைய ரைபிள்கள் சிலவற்றில் மரக்கட்டையிலும் எண்ணோ முத்திரையோ பொறிக்கப்பட்டிருக்கும். உப்புத்தாள் போட்டு இரண்டு நிமிடம் தேய்த்தாலே அது போய்விடும். அடர்த்தியான பெயின்ட் அழுத்தமில்லாத எழுத்துகளை நிரப்பி மூடிவிடும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் எல்லாக் குறிகளையும் தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் உப்புத்தாளையும் தூரிகையையும் அண்டவிடாதீர்கள். ஆயுத பூஜைக்குத் துடைத்து மெருகேற்றும் வழக்கம் உள்ள வீடுகளிலும் இதே கவனம் தேவை.

வீட்டில் செய்யத்தக்க மேற்பரப்பு வேலைக்கும் முறை உண்டு. தோட்டாக்களை வேறோர் அறையில் பூட்டி வைத்துவிட்டு, குழலும் தோட்டா அறையும் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே துணியை எடுக்க வேண்டும். எண்ணெய் மெருகு கொண்ட பழைய கட்டைகளுக்குப் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், மிகப் பொருத்தமானது. காற்றுப் பட்டு அது தானாகவே இறுகும். தேங்காய் எண்ணெய் இறுகாமல் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துவைக்கும். மிக மெல்லிய பூச்சாகத் தேய்த்து, நன்றாக உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சைப் போட வேண்டும். அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் விரித்து உலர்த்த வேண்டும். விசைப் பகுதிக்குள்ளும் பாதுகாப்புத் தாழுக்குள்ளும் எண்ணெயோ வார்னிஷோ வழிந்து இறங்க விடக் கூடாது.

உண்மையான பழுது என்றால், அதற்கான உரிமம் பெற்றவரிடம்தான் துப்பாக்கி போக வேண்டும். விற்பனைக் கடை என்பதாலேயே அங்கே பழுதுபார்க்கவும் அனுமதி உண்டு என்று கொள்ளாமல், அவர்களது உரிமத்தில் அந்தப் பணி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஊரில் கைதேர்ந்த தச்சர் இருக்கிறாரே என்று அவரிடம் கொடுப்பது, பழுதுபார்க்கும் அவரை 5ஆம் பிரிவிலும், வைத்திருக்கத் தகுதி உள்ளவரா என்று அறியாமல் ஒப்படைத்த உங்களை 29ஆம் பிரிவிலும் சிக்கவைக்கும். கட்டையை மட்டும் கழற்றிக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பர். சிறு பாகங்களுக்கு 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் அந்தப் பாகம் மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தப்படுவதற்காக இல்லாதபோது மட்டுமே அந்த விலக்கு பொருந்தும். திரும்பப் பொருத்துவதற்காகவே கொடுக்கப்படும் கட்டைக்கு அது பொருந்தும் என்று நம்பி இறங்குவதற்கில்லை.

நேரில் செல்ல இயலாத முதியவர்களுக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. உரிமதாரரின் முன்னிலையிலோ, அவர் எழுதித் தந்த அதிகாரத்தின் பேரிலோ, உரிமம் இல்லாத ஒருவர் பழுதுபார்ப்பதற்காகவோ உரிமத்தைப் புதுப்பிப்பதற்காகவோ துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று 3ஆம் பிரிவு அனுமதிக்கிறது. வாய்ச்சொல் போதாது. கடிதத்தில் உரிம எண், உரிமதாரருக்குத் தரப்பட்டுள்ள தனி அடையாள எண் (UIN), துப்பாக்கியின் வகை, போர் அளவு, துப்பாக்கியில் பொறித்த எண், கொண்டு செல்பவரின் பெயர், பழுதுபார்க்கும் கடை, தேதி ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டு, உரிமத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். கடையில் ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். திரும்பப் பெறும்போது எண்ணைச் சரிபாருங்கள். கடை வேறு மாநிலத்தில் இருந்தால், உங்கள் உரிமம் அந்தப் பகுதியில் செல்லுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தந்தையோ தாத்தாவோ காலமான பின் அவருடைய துப்பாக்கியை எடுத்துப் புதுப்பிக்க விரும்பும் வாரிசுகள் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும். உரிமம் அவர் பெயரில் இருந்ததே தவிரக் குடும்பத்தின் பெயரில் இல்லை. முதலில் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ 21ஆம் பிரிவின்படி ஒப்படைத்துவிட்டு, சட்டப்படியான வாரிசு என்ற முறையில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் கீழ் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ உரிமம் வழங்கிய பிறகே கட்டையைப் பற்றி யோசிக்கலாம். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிறைந்தாலோ துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்ற அவ்விதிகள் இடம் தருகின்றன; பழைய துப்பாக்கி உள்ள வீடுகள் இந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது.

ஏர் கன் வைத்திருப்போர் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கியை வைத்திருக்க உரிமம் தேவையில்லை. அதன் கட்டைக்கு வீட்டிலேயே வண்ணம் பூசிக்கொள்ளலாம். இந்த இரண்டு அளவுகளில் ஒன்றைத் தாண்டினாலும் மேலே சொன்ன கட்டுப்பாடுகள் வந்துவிடும் என்பதால், வாங்கியபோது தந்த ரசீதையும் அளவுக் குறிப்பையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.