கதவு திறந்தும் இறங்காத படி

கார்த்திகை பிறந்து, மாலை போட்டவர்களின் வண்டிகள் லோயர் கேம்ப் வழியாக மலையேறத் தொடங்கிவிட்டால், குமுளியில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஒரே குறை திரும்பத் திரும்ப வரும். கதவைத் திறந்ததும் தானாக இறங்கி, மூடிய சில நொடிகளில் உள்ளே போக வேண்டிய மின்சார சைடு ஸ்டெப், அதாவது வண்டியில் ஏறி இறங்கக் கால் வைக்கும் படி, பாதியில் நின்றுவிட்டிருக்கும். "மோட்டார் போய்விட்டது, புதிதாகப் போட்டுவிடுங்கள்" என்று உரிமையாளரே தீர்ப்பும் சொல்லிவிடுவார். நான் பார்த்தவரை, மோட்டார் உண்மையாகவே எரிந்துபோன வண்டிகள் குறைவுதான்.

படியைத் தாங்கும் உலோகக் கைகளில் பெரும்பாலும் ஒன்றை மட்டுமே மோட்டார் தள்ளுகிறது. மற்றது அதனுடன் சேர்ந்து நகர்கிறது. இந்தக் கைகள் மடங்கும் பின்களில் ஏலத்தோட்டச் சாலைகளின் சேறு ஏறிக் காய்ந்து இறுகிவிட்டால், மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் இழுக்கும். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோல் பாக்ஸ் அதைக் கவனித்து, நடுவில் யாருடைய காலோ மாட்டியிருப்பதாக எடுத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடும். சென்ற மழைக்காலத்தில் வந்த ஒரு வண்டியில், யாரோ நல்லெண்ணத்தோடு அந்தப் பின்களில் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். சேறும் ஆயிலும் குழைந்து தார்போல் ஆகியிருந்தன. மோட்டாரைத் தொடாமலே, கழுவித் துடைத்ததில் படி நகர்ந்தது. நன்றாகக் கழுவி, ஈரம் உலர்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரே அடிப்பதே போதும். கிரீஸ் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கையை உள்ளே விடுமுன் ஃபியூஸைக் கழற்றிவிட வேண்டும்; யாரோ தெரியாமல் கதவைத் திறந்தால் படி விரலை நசுக்கிவிடும். ஜாக்கி வைக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால் ஃபியூஸையும் பேட்டரி வயரையும் எர்த்தையும் முதலில் பார்ப்பேன். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்துக் கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு மோட்டாரைக் கைகளிலிருந்து விடுவித்துப் படியைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். படி இலகுவாக நகர்ந்து, ஃபியூஸை மீண்டும் மாட்டிக் கதவைத் திறக்கும்போது மோட்டார் கனெக்டரில் சுமார் 12 வோல்ட் வந்தும், தனியாக நிற்கும் மோட்டார் அப்போதும் சுழலவில்லை என்றால்தான் அதன்மீது குற்றம் சொல்லலாம். சுழலும் சத்தம் கேட்டும் படி நகராவிட்டால், உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கக்கூடும்.

வழியில் படி வெளியே நீட்டியபடி நின்றுவிட்டால், அதைக் காலால் உதைத்து உள்ளே தள்ளுவதை நான் கண்டிக்கிறேன், படியைத் தாங்கும் கைகள் வளைந்துவிடும். அப்படியே ஓட்டுவது அதைவிட மோசம், ஏனெனில் கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் இருசக்கர வாகனக்காரரின் காலை அது தட்டிவிடும். ஃபியூஸை எடுத்துவிட்டு, மோட்டாரின் போல்ட்டுகளைக் கழற்றி, படியைக் கையால் உள்ளே மடித்து, சைலன்சரில் படாமல் கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டு மெதுவாக வரலாம்.

வெளியில் வாங்கிப் பொருத்திய படிகளில் இன்னொன்றையும் தவறாமல் பார்க்கிறேன். பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வயரில், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். அது இல்லாமல் அந்த வயர் எங்காவது உரசி வண்டியின் உடலில் பட்டால் தீப்பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டியை, படி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், ஃபியூஸ் போடாமல் நான் வெளியே அனுப்புவதில்லை.