கலலம்: கருவின் முதல் நிலை

பௌத்த நூல்கள் கருவின் முதல் ஏழு நாளைக் கலலம் என்கின்றன. பாலியிலும் வடமொழியிலும் சொல் ஒன்றுதான். பாலியில் இதற்குச் சேறு என்ற பொருளும் உண்டு. தமிழில் உள்ள ‘கலத்தல்’ நினைவுக்கு வரலாம். ஆனால் ஒலி ஒத்துப்போவதால் மட்டும் உறவு கொண்டாட முடியாது.

இராசகிருக நகரில் இந்தகன் என்ற இயக்கன் (யட்சன்), இந்த உடம்பு எப்படி உண்டாகிறது என்று புத்தரிடம் கேட்கிறான். முதலில் ‘கலலம்’, அதிலிருந்து ‘அப்புதம்’, அப்புறம் ‘பேசி’, ‘கனம்’, பிறகு ‘பசாகை’ என்று கருவின் ஐந்து நிலைகளாகப் படிப்படியாகப் பதில் வருகிறது. இது சங்யுத்த நிகாயம் என்ற பாலித் தொகுப்பில் உள்ள பாட்டு. கலலம் எவ்வளவு இருக்கும் என்று உரைகாரர்கள் அழகாகக் காட்டுகிறார்கள்: மெல்லிய கம்பளி இழை மூன்றை நூலாக முறுக்கி எண்ணெயில் தோய்த்தால், நுனியில் நிற்கும் ஒரு சொட்டு. அதுவும் கலங்காத, தெளிந்த சொட்டு.

இந்தியாவில் இந்தப் பாடம் பெரும்பாலும் பிறவித் துன்பத்தை உணர்த்தவே பயன்பட்டது. ஜப்பானில் கதை மாறியது. 806இல் சீனாவிலிருந்து திரும்பிய கூக்காய் என்ற ஜப்பானியத் துறவி, ஷிங்கோன் என்ற தாந்திரிக பௌத்த மரபை நிறுவி, இந்த உடலிலேயே புத்தராகலாம் என்று போதித்தார். உடலே புத்தர் என்றால் அது உருவாகும் இடம் வெறும் அழுக்காக இருக்க முடியுமா? இடைக்காலத் துறவிகள் இதை விடாமல் யோசித்தார்கள். சீன எழுத்து வழியாகக் ‘கரரான்’ ஆகிவிட்ட கலலத்தில், தந்தையின் வெண்துளியும் தாயின் செந்துளியும் சேர்வதை ஷிங்கோனின் இரு புனித வரைபடங்களான வஜ்ர மண்டலமும் கர்ப்ப மண்டலமும் ஒன்றுவதாகக் கண்டார்கள். கருவின் ஐந்து நிலைகளை ஐந்து புத்தர்களோடும், ஐம்பூதங்களைக் குறிக்கும் ஐந்தடுக்குத் தூபியோடும் பொருத்தினார்கள். பிறப்பின் துயரைச் சொல்ல வந்த பட்டியல், புத்தநிலைக்கான சாதனைப் படிகளாகிவிட்டது. எனக்கு இது பௌத்தச் சிந்தனையின் மிகத் துணிச்சலான திருப்பங்களில் ஒன்று.

சரி, கலலத்தைத் தமிழில் என்ன சொல்லலாம்? ‘கருச்சேறு’ என்றால் அருவருப்பு மட்டுமே மிஞ்சும். ‘கருமுட்டை’ இன்றைய உயிரியல் சொல். பழைய நூல்களுக்கு உயிரணு தெரியாது. கருத்துளி என்பதே பொருத்தம். உரைகாரர்களின் எண்ணெய்ச் சொட்டும் ஜப்பானியரின் இரு துளிகளும் அதில் அடங்கும். அப்புதத்துக்கு மொக்குள், பேசிக்குத் தசைத்துண்டு, கனத்துக்குத் திரளை எனலாம். பசாகைக்குக் கிளைப்பு: தலை, இரு கை, இரு கால் என ஐந்து முளை விடும் நிலை அது.