டிமென்ஷியாவுக்குத் தமிழில் என்ன சொல்?

டிமென்ஷியா லத்தீனிலிருந்து வந்தது. 'டி' என்றால் நீங்கிப் போதல், 'மென்ஸ்' என்றால் மனம், புத்தி. சேர்த்துச் சொன்னால் 'புத்தி நீங்கிய நிலை'. தெருச் சண்டையில் வசவாக விழும் 'மென்டல்' பிறந்ததும் இதே வேரில்தான்.

மருத்துவத்தில் இது தனி ஒரு நோயின் பெயரல்ல. நினைவு, பேச்சு, கணக்கு, முடிவெடுக்கும் திறன் எல்லாம் அன்றாட வாழ்க்கையே குலையும் அளவுக்குத் தேய்ந்துபோவதற்கான பொதுப்பெயர். இது வந்தவர்களில் நூற்றில் 60 முதல் 70 பேருக்கு அல்சைமர் என்ற மூளை நோய்தான் காரணம்.

தமிழில் 'முதுமை மறதி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. 65 வயதுக்கு முன்பும் இது வருகிறது. வயதான எல்லாருக்கும் வருவதுமில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, "வயசானா அப்படித்தான்" என்று டாக்டரிடம் காட்டாமலே விட்டுவிடுகிறோம். ஈழத்தில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் கேலியாகவே புழங்கிவிட்டது. ஜப்பானிலும் இதே சிக்கல். 'மடமை' என்ற பொருள் தொனித்த பழைய பெயரை 2004-இல் அரசே கைவிட்டு, 'அறிதல் தொடர்பான நோய்' என்று பொருள்படும்படி மாற்றியது.

சரி, 'மறதிநோய்'? பேச்சுக்குப் போதும். ஆனால் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது மறதி. சாவி எதற்கென்றே தெரியாமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பது வேறு. அதனால் எழுத்தில் 'அறிதிறன் குறைநோய்' என்பேன்.

'புத்தி நீங்கியது' என்றாலும் உணர்வு நீங்குவதில்லை. 2014-இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படத்துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தது மறந்துபோன பிறகும் அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் அவர்களிடம் தங்கியிருந்தன. ஆகவே பாட்டியிடம் "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்க வேண்டாம். "பாட்டி, உங்க பேத்தி செல்வி வந்திருக்கேன்" என்று எதிரே வந்து சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்றால், "இதுதானே உங்க வீடு" என்று மல்லுக்கு நிற்காமல், "அங்க யாரெல்லாம் இருப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில்லாதவர் சின்ன வயதில் குளித்த வாய்க்காலைப் பற்றிச் சொல்லக்கூடும். புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ், அல்சைமரில் முதலில் அடிவாங்கும் மூளைப் பகுதிகளில் ஒன்று; பழசு அவ்வளவு சீக்கிரம் போகாது.